மந்திரவாதிப் புதிர் ஆட்டம்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைத் தேடும் முறை

ஆட்டக்காரர் ஒரு செயல் செய்ததும் ஒரு முறை கழிய, இப்படி முறைக்கு முறை நகரும் புதிர் ஆட்டம் ஒன்றில், மந்திரவாதி எங்கே நடக்க வேண்டும், கோலை எந்தத் திசையில் நீட்ட வேண்டும் என்பவற்றை மட்டும் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கிறார். கோலிலிருந்து கிளம்புவது தீயா பனியா என்பதை ஆட்டமே முடிவு செய்கிறது. இந்த வகை ஆட்டத்தை எழுதுபவருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மற்ற ஆட்டங்களில் எதிர்பாராதது ஒன்று நடந்தால் அது பிழை என்று உடனே தெரிந்துவிடும். இங்கே எதிர்பாராமல் நடப்பதுதான் ஆட்டமே என்பதால், பிழை மந்திரத்தின் வேடத்தில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும். என் ஆட்டத்தில் காற்று மந்திரம் சில சமயம் ஒன்றும் செய்யாமல் போனதை, ஆடிப் பார்த்த நண்பர்கள் கோலின் குறும்பு என்று ரசித்துக்கொண்டிருந்தார்கள். பலகையின் கடைசி வரிசையை நான் எண்ணாமல் விட்டிருந்ததே உண்மைக் காரணம்.

கீழே சொல்பவை அனைத்தும் ஆட்டங்களை உருவாக்க உதவும் மென்பொருளான கோடோ 4 இயந்திரத்தில், அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதிய ஆட்டத்தை வைத்துச் சொல்பவை. ஏழுக்கு ஏழு கட்டப் பலகை, ஒரு மந்திரவாதி, சில பூதங்கள், தீ, பனி, காற்று, கல், இடமாற்று, இரட்டிப்பு என்று ஆறு மந்திரங்கள் என வைத்துக்கொள்ளுங்கள். வேறு இயந்திரத்தில் எழுதுபவர்களுக்குப் பெயர்கள் மாறும். அறிகுறிகள் பெரும்பாலும் மாறா.

எந்த அறிகுறியைத் தேடிப் போவதற்கு முன்பும் ஒரு பதிவேடு எழுதும் வசதியைச் செய்துகொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது பயன்படுத்திய சீடு எண் (தற்செயல் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்), ஒவ்வொரு முறையிலும் ஆட்டக்காரர் செய்த செயல், அந்த முறையில் எடுக்கப்பட்ட ஒவ்வொரு தற்செயல் எண், அதை எதற்காக எடுத்தோம் என்ற ஒரு சொல் ஆகிய நான்கும் ஒரு கோப்பில் வரி வரியாகச் சேர வேண்டும். அந்தக் கோப்பையே திரும்பக் கொடுத்தால் ஆட்டம் தன்னைத்தானே மறுபடி ஆடிக்காட்டவும் வேண்டும். இதைச் செய்ய எனக்கு ஒரு மாலை ஆனது. செய்யாமல் கழித்த நாட்களை எண்ண மனம் வரவில்லை.

ஒரே சீடு எண், வேறு வேறு ஆட்டம்

சீடு எண் 41 என்று கொடுத்து மூன்று தடவை ஒரே மாதிரி ஆடுகிறீர்கள். முதல் இரண்டு தடவை நான்காவது முறையில் பனி வருகிறது, மூன்றாவது தடவை அதே இடத்தில் கல் வருகிறது. இது வடிவமைப்பின் குறையன்று, நிச்சயமாகப் பிழை. யாரோ உங்கள் எண் வரிசையிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் எண் எடுத்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் அந்த யாரோ, பார்வைக்காகச் சேர்த்த அலங்காரம்தான். கோடோவில் எந்தப் பொருளையும் சாராமல் அழைக்கும், தற்செயல் எண் தரும் ரேண்டி, ரேண்ட்எஃப் போன்ற செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) அனைத்தும் ஒரே பொது எண் ஊற்றிலிருந்து எடுக்கின்றன. மந்திரத்தைத் தேர்வதும் அங்கிருந்து, கோல் முனையில் பறக்கும் தீப்பொறியின் கோணத்தை நீங்கள் எழுதிய நிரல் கணிப்பதும் அங்கிருந்து என்றால், ஒரு முறைக்குள் எத்தனை பொறிகள் பறந்தன என்பது அடுத்த மந்திரத்தை மாற்றிவிடும். பொறிகளின் எண்ணிக்கையோ நொடிக்கு எத்தனை பிரேம்கள் (திரையில் வரையப்படும் படங்கள்) ஓடின என்பதைப் பொறுத்தது. எனவே வேகமான கணினியில் ஒரு விதமாகவும் பழைய கைபேசியில் இன்னொரு விதமாகவும் ஆட்டம் போகும். என் வீட்டில் இந்தப் பிழை கைபேசியின் சார்ஜ் குறைந்தபோது மட்டும் தலைகாட்டியது. மின்சேமிப்பு முறையில் பிரேம்கள் குறைந்ததுதான் காரணம் என்று கண்டுபிடிக்கும்வரை அதைப் பேய்ப் பிழை என்றே அழைத்துக்கொண்டிருந்தேன்.

தீர்வு, ஆட்ட விதிகளுக்கென்று தனியாக ஒரு ரேண்டம்நம்பர்ஜெனரேட்டர் பொருளை உருவாக்கி, விதிகளைத் தீர்மானிக்கும் நிரல் அதைத் தவிர வேறெதையும் தொடாமல் பார்த்துக்கொள்வது. அலங்காரம் பொது ஊற்றிலிருந்து எத்தனை எண் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். மந்திரத்துக்கு ஒன்று, பூதங்களின் நகர்வுக்கு ஒன்று, பலகை உருவாக்கத்துக்கு ஒன்று என மூன்று ஊற்றுகளாகப் பிரிப்பது இன்னும் நல்லது. ஒரு பூதத்தைக் கூடுதலாகச் சேர்த்ததனால் மந்திர வரிசை முழுவதும் இடம்பெயர்வது அப்போது நின்றுவிடும்.

இவ்வாறு பிரித்த பிறகும் அறிகுறி தொடர்ந்தால், அரேயை, அதாவது வரிசையாக அடுக்கிய பட்டியலை, கலைக்கும் ஷஃபிள் செயற்கூற்றைத் தேடுங்கள். பார்த்தால் அப்பாவியாகத் தெரியும் அதுவும் பொது ஊற்றிலிருந்துதான் எண் எடுக்கிறது. உங்கள் தனி ஊற்றைக் கொண்டு கலைக்க வேண்டுமானால் நீங்களே எழுத வேண்டும். கடைசி இடத்திலிருந்து முதல் இடம் நோக்கி வந்து, ஒவ்வோர் இடத்திலும், அந்த இடம் உட்பட அதற்கு முன்னுள்ள இடங்களிலிருந்து மட்டும் ஒன்றைத் தேர்ந்து மாற்றிக்கொள்வதே புள்ளியியலாளர்களான ஃபிஷரும் யேட்ஸும் 1938இல் தாளிலும் பென்சிலிலும் செய்யச் சொன்ன முறையின் கணினி வடிவம். அந்த வடிவத்தை 1964இல் டர்ஸ்டன்ஃபெல்ட் வெளியிட்டார். ஐந்தே வரிகள் போதும். அவசரத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் முழு அரேயிலிருந்தும் தேர்ந்துவிட்டால் கலைத்தல் கோணலாகிவிடும். மூன்று சீட்டுகளை அப்படிக் கலைத்தால் 27 வழிகள் வருகின்றன. சாத்தியமான அடுக்குகளோ 6. 27 ஆறால் வகுபடாது என்பதனால் மூன்று அடுக்குகள் மற்ற மூன்றைவிட அடிக்கடி வந்தே தீரும். ஒப்பிடும் செயற்கூற்றில் தற்செயலாக ஆம், இல்லை என்று சொல்லவைத்து வரிசைப்படுத்திக் கலைப்பதும் தவறு. வரிசைப்படுத்தும் முறை, கேட்கும்போதெல்லாம் ஒரே பதிலை எதிர்பார்க்கிறது.

இரண்டு ஓட்டங்களும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கண்டுபிடிக்க, இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்து முதல் வேறுபட்ட வரியைப் பாருங்கள். குற்றவாளி அந்த வரியில் இருப்பது அரிது. அதற்குச் சற்று முன்னால், பதிவேட்டில் எழுதாமல் எண்ணை எடுத்துக்கொண்ட ஏதோ ஒன்றுதான் அவன்.

சேமித்துத் திறந்ததும் விதி மாறுகிறது

அடுத்து வருவது தீ என்று மேலே காட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்டத்தைச் சேமித்து மூடித் திறந்தால் இடமாற்று வருகிறது. சேமிப்பில் சீடு எண் இருக்கிறது, ஊற்றின் தற்போதைய நிலையான ஸ்டேட் எண்ணும் இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிறகு என்ன கோளாறு?

முதலில், திரும்ப ஏற்றும் வரிசையைப் பாருங்கள். சீடு எண்ணை வைத்தவுடன் ஸ்டேட் எண்ணும் மாறிவிடும். ஆகவே சீடை முதலிலும் ஸ்டேட்டை அடுத்தும் வைக்க வேண்டும். தலைகீழாக வைத்தால், அரும்பாடுபட்டுச் சேமித்த நிலை அழிந்து ஆட்டம் தன் முதல் எண்ணிலிருந்து தொடங்கும்.

வரிசை சரியாக இருந்தும் அறிகுறி போகவில்லை என்றால், சேமிப்புக் கோப்பு ஜேசன் என்ற உரை வடிவிலா என்று பாருங்கள். அப்படியானால் காரணம் பெரும்பாலும் கையில் கிடைத்துவிட்டது. ஸ்டேட் என்பது 64 பிட் முழு எண். எழுதும்போது கோப்பில் எல்லா இலக்கங்களும் சரியாகவே விழுகின்றன. கோப்பைத் திறந்து பார்த்து நானும் பலமுறை ஏமாந்திருக்கிறேன். படிக்கும்போதோ கோடோ ஜேசனில் உள்ள எந்த எண்ணையும் தசம எண்ணாக எடுத்துக்கொள்கிறது. அந்தத் தசம எண்ணுக்கு 53 பிட் அளவுக்குத்தான் துல்லியம். 9007199254740993 என்று எழுதிப் படித்தால் 9007199254740992 என்று திரும்பி வரும். கடைசி இலக்கத்தில் ஒன்றே ஒன்று குறைந்திருக்கிறது; தற்செயல் எண் ஊற்றுக்கு அது வேறோர் உலகம். ஸ்டேட்டை எழுத்துச் சரமாக மாற்றி மேற்கோள் குறிக்குள் எழுதி, படிக்கும்போது மீண்டும் முழு எண்ணாக மாற்றிக்கொண்டால் பிரச்சினை அங்கேயே முடியும். ஸ்டேட் சிறிய எண்ணாக அமைந்த அபூர்வச் சமயங்களில் இந்தப் பிழை தெரியாது என்பதனால், ஒரு தடவை சோதித்துச் சரியாக வந்தது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜேசனால் வரும் இன்னும் இரண்டு வம்புகள் இதே அறிகுறியோடு வரும். பூதங்களைப் பெயர்வாரியாக, சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் ஒரு டிக்‌ஷனரியில் வைத்திருந்தால், ஆட்டம் நடக்கும்போது அவை சேர்க்கப்பட்ட வரிசையில் நகரும். கோடோவின் ஜேசன் எழுதும் செயற்கூறு, வேண்டாம் என்று நாம் சொல்லாதவரை, பெயர்களை அகரவரிசைப்படுத்தி எழுதும். திறந்த பிறகு முதலில் நகர வேண்டிய பூதம் மூன்றாவதாக நகர, ஆட்டம் அங்கிருந்து தடம் மாறும். கட்டத்தின் இருப்பிடத்தை வெக்டராக (இரண்டு எண்களின் சோடியாக) சாவியில் வைத்திருந்தால் அது திரும்பும்போது வெறும் சரமாகத் திரும்பும். பலகை முழுவதும் காலியாக இருப்பதாக ஆட்டம் நினைத்துக்கொள்ளும். முன்னதற்கு, நகரும் வரிசையைத் தனி அரேயாகச் சேமிக்க வேண்டும். பின்னதற்கு, கிடைவரிசை எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் சேர்த்து ஒரே முழு எண்ணாக்கிச் சரமாகவே சாவியில் வையுங்கள்.

அன்டூ வேலை செய்யவில்லை, அல்லது அளவுக்கு மீறி வேலை செய்கிறது

செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ பொத்தானை அழுத்தியும் பலகை அசையவில்லை என்றால், நீங்கள் சேமித்துவைத்தது பலகையின் நகல் இல்லை, அதே பலகைதான். அரேயும் டிக்‌ஷனரியும் ஒரு மாறியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சுட்டிக்காட்டப்படுகின்றனவே தவிர நகலெடுக்கப்படுவதில்லை. டூப்ளிகேட் என்று அழைத்தாலும் மேல் அடுக்கு மட்டுமே நகலாகும். ஆழ்ந்த நகல் வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும். இதன் பாதி வடிவம் குழப்பமானது: மந்திரவாதி பழைய இடத்துக்குத் திரும்புவார், பூதங்கள் திரும்பா. மந்திரவாதியின் இருப்பிடம் எண்ணாகவும் பூதங்கள் உள் அரேயாகவும் இருக்கின்றன என்பதே இதற்குப் பொருள். பூதங்களை ஆப்ஜெக்ட்களாகவே வைத்திருப்பவர்களுக்கு ஆழ்ந்த நகலும் கைகொடுக்காது. ஆட்ட நிலையை எண்களாலும் அரேக்களாலும் மட்டும் எழுதி, திரையில் தெரியும் பொம்மைகளை அந்த நிலையிலிருந்து வரைந்துகொள்வதுதான் நிரந்தர மருந்து.

மறுபக்கத் தொல்லை, அன்டூவை அழுத்தி அழுத்தி வேண்டிய மந்திரம் வரும்வரை ஆட்டக்காரர் கோலை வீசிக்கொண்டே இருப்பது. பலகையைத் திருப்பிவிட்டு எண் ஊற்றைத் திருப்பாமல் விட்டதனால் வரும் கோளாறு இது. ஸ்டேட் எண்ணையும் ஒவ்வொரு முறையின் நகலோடு சேர்த்துவைத்தால், அதே செயலுக்கு அதே விளைவு வரும். 2012இல் வந்த எக்ஸ்காம்: எனிமி அன்நோன் ஆட்டத்திலும் சேமிப்பைத் திறந்து அதே குண்டை அதே வரிசையில் சுட்டால் அதே முடிவுதான் கிடைக்கும். ஆனால் அங்கே ஆட்டக்காரர்கள் கண்டுகொண்ட ஓட்டை இங்கேயும் இருக்கும்: இடையில் வேறொரு செயலைச் செய்து ஓர் எண்ணைச் செலவழித்துவிட்டால் அடுத்த முடிவு மாறிவிடும். மந்திரங்களுக்குத் தனி ஊற்று வைத்தவர்கள் இதிலிருந்து பெரும்பாலும் தப்புவார்கள். சும்மா நடப்பதனால் மந்திர வரிசை நகராது. காலியான சுவரை நோக்கி ஒரு தீயை வீணடித்து அடுத்ததை அழைப்பது மட்டும் மிஞ்சும். அது ஏமாற்று இல்லை, நல்ல புதிர் உத்தி என்பது என் கருத்து.

ஆட்டம் உறைகிறது

இதில் இரண்டு வகை உண்டு, பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். இசை ஓடுகிறது, மந்திரவாதியின் அங்கி காற்றில் அசைகிறது, ஆனால் எந்தத் தட்டலுக்கும் பதில் இல்லை என்றால் அது ஒரு வகை. திரை முழுவதும் நின்றுபோய், இயங்குதளமே நிரல் பதிலளிக்கவில்லை என்று அறிவித்தால் அது வேறு.

முதல் வகையில், ஆட்டம் எதற்காகவோ காத்திருக்கிறது. காத்திருப்பது வரவே போவதில்லை. பூதம் எரிந்து மறையும் அனிமேஷனை ட்வீன் (ஒரு பண்பைச் சிறிது சிறிதாக மாற்றும் கருவி) மூலம் செய்து, அது முடிந்ததும் அடுத்த முறையைத் தொடங்கு என்று அவெய்ட் என்ற காத்திருப்புக் கட்டளையைப் போட்டிருப்பீர்கள். அந்த ட்வீனைப் பூதத்தின் நோடிலேயே (ஆட்டக் காட்சியில் பூதத்தைக் குறிக்கும் உறுப்பிலேயே) உருவாக்கியிருந்தால், பூதம் அழிக்கப்படும் கணத்தில் ட்வீனும் அதனோடு மடிந்துவிடும். பாதியில் மடிந்த ட்வீன் முடிந்துவிட்டேன் என்ற சமிக்ஞையை ஒருபோதும் அனுப்பாது. ஒரே முறையில் இரண்டு தீப்பிழம்புகள் ஒரே பூதத்தைத் தொட்டால் மட்டும் ஆட்டம் நிற்கிறது என்றால் காரணம் ஏறத்தாழ உறுதி: முதல் பிழம்பு தொடங்கிய அனிமேஷன் முடிவதற்குள் இரண்டாவது பிழம்பு பூதத்தை நீக்கிவிட்டது. ட்வீனைப் பலகையின் நோடில் உருவாக்கினால் போதும். அதைவிடச் சிறந்தது, முறையின் விளைவுகள் அனைத்தையும் முதலில் கணக்கிட்டு முடித்துவிட்டு, நடந்தவற்றின் பட்டியலை அனிமேஷனுக்குக் கொடுப்பது. அப்போது அனிமேஷன் கெட்டாலும் ஆட்டம் கெடாது; அனிமேஷனை முழுவதும் அணைத்துவிட்டு ஆயிரம் ஆட்டங்களை நொடிகளில் சோதிக்கவும் முடியும்.

இரண்டாம் வகை, சங்கிலி விளைவு தன் வாலைத் தானே விழுங்குவது. இரட்டிப்பு மந்திரம் எண்ணெய்ப் பீப்பாயை இரண்டாக்குகிறது. தீ ஒரு பீப்பாயை வெடிக்கவைக்கிறது. வெடிப்பு, தரையில் கிடக்கும் இரட்டிப்புக் கல்லைத் தூண்டுகிறது. கல் மீண்டும் பீப்பாயை இரண்டாக்குகிறது. விளைவைச் செய்யும் செயற்கூறு தன்னையே அழைக்கும்படி எழுதாமல், விளைவுகளை ஒரு வரிசையில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யுங்கள். ஒரு பொருள் ஒரு முறையில் ஒரு தடவைக்கு மேல் தூண்டப்படக்கூடாது என்று விதி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த விளைவுகளுக்கு 500 போல ஓர் உச்சவரம்பும் வையுங்கள். அதைத் தொட்டால் ஆட்டம் நிற்காமல் முறையை முடித்துவிட்டு, பதிவேட்டில் உரக்கக் கத்தட்டும்.

அடுத்தடுத்து நிற்கும் பூதங்களில் ஒன்று தப்புகிறது

பூதங்களின் அரேயைச் சுற்றி வரும்போதே எரிந்ததை அதே அரேயிலிருந்து நீக்குகிறீர்கள். நீக்கியதும் அடுத்தது ஓரிடம் முன்னால் வந்துவிட, சுற்று அதைத் தாண்டிப் போய்விடுகிறது. நகலெடுத்த அரேயைச் சுற்றுங்கள், அல்லது கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள்.

ஒரு தட்டலுக்கு இரண்டு முறைகள் கழிகின்றன

அனிமேஷன் ஓடும்போதும் உள்ளீட்டை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது விசையை அழுத்தியபடியே வைத்திருந்தால் இயங்குதளம் அனுப்பும் மறு அழுத்தங்களைப் புதிய அழுத்தமாக எண்ணுகிறீர்கள். காத்திருத்தல், கணக்கிடுதல், காட்டுதல் என்று ஆட்டத்துக்கு மூன்று நிலைகள் வைத்து, காத்திருத்தலில் மட்டும் காதைத் திறந்து வைத்தால் இரண்டும் தீரும்.

ஆட்டம் ஏமாற்றுகிறது என்ற புகார்

நிரலில் பிழையே இல்லாமலும் இந்தப் புகார் வரும். இதைத் தீர்ப்பதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஆறு மந்திரங்களும் சமவாய்ப்பில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு தடவை வீசியும் பனி ஒருமுறைகூட வராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 11 சதவீதம். நூறு பேர் ஆடினால் பதினொரு பேருக்கு அந்த அனுபவம் நேரும், அவர்கள் பனி மந்திரம் கெட்டுவிட்டது என்று எழுதுவார்கள். சதவீதத்தைச் சொல்லி விளக்கினால் யாரும் சமாதானம் ஆவதில்லை. சூதாட்டத்தில் அப்படித்தான் என்று தோளைக் குலுக்கலாம். புதிர் ஆட்டத்தில் அது செல்லாது, ஏனென்றால் யோசித்தால் வெல்லலாம் என்று நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

முதலில் உண்மையில் பிழை இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். அறுபதாயிரம் தடவை மந்திரத்தைத் தேர்ந்து எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் பத்தாயிரத்தை ஒட்டி, நூறு இருநூறு முன்பின்னாக இருந்தால் ஊற்று சரி. ஒன்று மட்டும் வராமலே போனால் எல்லையில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ மறந்திருப்பீர்கள்.

சரியாக இருந்தால் பைமுறைக்கு மாறுங்கள். ஆறு மந்திரங்களையும் ஒரு பையில் போட்டுக் கலைத்து ஒவ்வொன்றாக எடுத்து, பை காலியானதும் மறுபடி நிரப்புவது இம்முறை. இப்போதைய டெட்ரிஸ் ஆட்டங்களில் ஏழு காய்களும் இப்படித்தான் வருகின்றன. எந்த மந்திரத்துக்கும் இடையில் அதிகபட்சம் பத்து மற்ற மந்திரங்கள்தான் வர முடியும் என்ற உத்தரவாதம் கிடைக்கிறது. இரண்டு பைகள் சேரும் இடத்தில் ஒரே மந்திரம் அடுத்தடுத்து வரும் வாய்ப்பு ஆறில் ஒன்று இருக்கும். அதை நான் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன், இல்லையென்றால் கோல் ரயில்வே அட்டவணையைப் போலாகிவிடும்.

பைமுறைக்குப் பிறகும் புகார் வந்தால் கோளாறு எண்ணில் இல்லை, ஆட்டக்காரருக்கு எது எப்போது தெரிகிறது என்பதில் இருக்கிறது. 1985இல் ஸ்பெக்ட்ரம் கணினிக்காக ஜூலியன் கோலப் உருவாக்கிய கேயாஸ் ஆட்டத்தில் மந்திரவாதிகள் ஏவும் மந்திரம் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ஆனால் பலிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பது முன்கூட்டியே தெரியும். அதோடு, விலங்குகளை மாயையாக அழைத்தால் அவை தவறாமல் வரும். எதிரி நம்ப மறுத்துவிட்டால் மட்டும் மறைந்துபோகும். நிச்சயமான ஒரு வழியும் அதற்கென்று ஒரு விலையும் இருந்ததனால், தோற்றவர் கணினியைத் திட்டுவதற்கு முன் தன் முடிவை நினைத்துப் பார்க்க நேர்ந்தது. 2018இல் வந்த இன்டு த பிரீச் ஆட்டத்தில் எதிரிகள் அடுத்து எங்கே தாக்கப்போகிறார்கள் என்பது முதலிலேயே பலகையில் தெரிந்துவிடுகிறது. தற்செயல் அங்கே நம் முடிவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாம் முடிவெடுத்த பிறகு வந்து காலை வாருவதில்லை.

என் ஆட்டத்தில் அடுத்து வரும் இரண்டு மந்திரங்களை மேலே காட்டத் தொடங்கினேன். எண் ஊற்றையோ பையையோ தொடவில்லை. ஏமாற்றுகிறது என்ற புகார் நின்றுவிட்டது.

நாள்தோறும் வரும் புதிர்கள் ஒன்றுபோல் இருக்கின்றன

தேதியையே சீடு எண்ணாக வைத்தால் அடுத்தடுத்த நாட்களுக்கு அடுத்தடுத்த எண்கள் கிடைக்கும். கோடோவின் ஊற்று நெருங்கிய சீடுகளுக்கு நெருங்கிய வரிசைகளைத் தரக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. தேதியைச் சரமாக்கி, அதைக் கலைத்து ஓர் எண்ணாக்கும் ஹேஷ் செயற்கூற்றில் கொடுத்து, வரும் எண்ணைச் சீடாக வையுங்கள்.

இந்தக் கட்டத்தைத் தீர்க்கவே முடியவில்லை

தீர்க்க முடியாதது உண்மையா, அல்லது ஆடியவருக்கு வழி தெரியவில்லையா என்று விவாதிக்காமல், தீர்க்கும் நிரல் ஒன்றை எழுதிவிடுங்கள். நான்கு திசை நடை, நான்கு திசை வீச்சு, சும்மா இருத்தல் என ஒரு முறைக்கு ஒன்பது செயல்கள். பத்து முறைகளுக்கு 9இன் அடுக்கு 10, அதாவது சுமார் 349 கோடி பாதைகள். எல்லாவற்றையும் நடந்து பார்க்கத் தேவையில்லை. பலகை, மந்திரவாதியின் இடம், பையில் மிச்சமுள்ள வரிசை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நிலை என்று கொண்டு, முன்பே பார்த்த நிலையை மறுபடி பார்க்காமல் அகலவாக்கில் (ஒரு முறையில் எட்டக்கூடிய எல்லா நிலைகளையும் பார்த்து முடித்த பிறகே அடுத்த முறைக்குப் போகும் விதத்தில்) தேடினால், சுவர்கள் நிறைந்த சிறிய பலகையில் தேடவேண்டிய நிலைகள் மிகவும் குறைந்துவிடும். மந்திர ஊற்றைப் பிரித்துவைத்த பலன் இங்கேயும் தெரியும்: நடப்பது ஊற்றை நகர்த்தாததனால் நிலைகள் வீணாகப் பெருகுவதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அதில் நான் விழுந்தேன். ஆறு மந்திரங்களுக்கு 720 அடுக்குகள். ஒவ்வோர் அடுக்குக்கும் தீர்வு இருக்கிறது என்று நிரல் சொன்னதும் நிம்மதியாகப் புதிரை வெளியிட்டேன். ஆனால் நிரலுக்கு முழு அடுக்கும் தெரியும். ஆட்டக்காரருக்கு அடுத்த இரண்டுதான் தெரியும். ஆறாவதாக வருவது காற்று என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் தீர்வு, தெரியாதவருக்குத் தீர்வாகாது. எனவே நிரலும் இரண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மூன்றாவதாக எது வந்தாலும் அங்கிருந்து வெல்ல வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு கிளையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிளை தோற்றாலும் அந்த நகர்வு பாதுகாப்பானதில்லை. இந்த முறையில் மறுபடி ஓட்டியபோது நான் பெருமையாக நினைத்திருந்த ஒரு புதிர் விழுந்தது. ஒரு சுவரை ஒரு கட்டம் தள்ளிவைத்ததும் எழுந்துகொண்டது.

கல் மந்திரத்தால் ஒற்றை வழியை அடைத்துக்கொண்ட ஆட்டக்காரர், தோற்றுவிட்டோம் என்று தெரியாமல் இருபது முறை நடந்துகொண்டிருப்பது வேறு விஷயம். அதற்குத் தீர்க்கும் நிரலைப் பின்னணியில் ஓட்டி எச்சரிப்பதைவிட, மறுதொடக்கப் பொத்தானைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பதே போதும் என்று நினைக்கிறேன். வழி அடைபட்டதைத் தானே உணரும் கணம் புதிரின் ஒரு பகுதி.

மந்திரத்தின் பெயர் உடைகிறது

தமிழில் ஆட்டம் செய்பவர்களுக்கு வரும் அறிகுறி இது. மந்திரப் பெயரை எழுத்தெழுத்தாகத் திரையில் தோன்றவைத்தால் பெயர் துடிக்கிறது. தீக்கொழுந்து என்ற சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் ஆறு. கணினி எண்ணும் குறிகள் பன்னிரண்டு. ஐந்தாவது குறியில் திரையில் தீக்க என்று நிற்கும். ஆறாவது குறி வந்ததும் ககரத்தின் இடப்பக்கம் கொம்பு முளைத்து, ககரம் வலப்பக்கம் ஒதுங்கி, கொ ஆகும். ககரம் நின்ற இடத்திலிருந்து துள்ளுவதைத்தான் கண் துடிப்பாகப் பார்க்கிறது. சரத்தை வெட்டி வெட்டி ஒட்டாமல், முழுப் பெயரையும் லேபிளில் வைத்துவிட்டு விசிபிள் கேரக்டர்ஸ் பண்பால் வெளிக்காட்டுங்கள். எழுத்துருவம் அமைந்த பிறகு வெளிக்காட்டு என்ற தேர்வையும் அதனோடு வையுங்கள்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பெயரைப் பட்டியலில் தேடினால் இல்லை என்று வந்தால், ஒகரக் குறி ஓரிடத்தில் ஒரே குறியாகவும் இன்னோரிடத்தில் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் உள்ளிடப்பட்டிருக்கும். யூனிகோடில் இரண்டும் சமமானவை என்றாலும் சரங்களை ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு. மந்திரத்தை அதன் காட்சிப் பெயரால் தேடாமல் ஓர் எண்ணால் தேடுங்கள்.

கணினியில் நன்றாகத் தெரிந்த தமிழ், பிரவுசரில் ஓட்டும்போது பெட்டி பெட்டியாக வந்தால், எழுத்துருவை நீங்கள் ஆட்டத்துக்குள் வைக்கவில்லை. கணினியில் இயங்குதளத்தின் தமிழ் எழுத்துருவை கோடோ கடன் வாங்கிக்கொள்கிறது, பிரவுசரில் அந்தக் கடன் கிடைக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துரு ஒன்றைத் திட்டக் கோப்புகளோடு சேர்த்து, தீம் அமைப்பில் அதை இயல்பு எழுத்துருவாக வையுங்கள். எழுத்துரு இருந்தும் கொம்பு வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டால், ஆட்டத்தின் அளவைச் சுருக்குவதற்காக எளிய உரைச் சேவையகத்தோடு (எழுத்துகளை அமைத்துக் காட்டும் கோடோவின் பகுதியோடு) தொகுத்த ஏற்றுமதி வார்ப்புருவைப் பயன்படுத்துகிறீர்கள். தமிழுக்கு மேம்பட்ட சேவையகம் கட்டாயம் வேண்டும்.